ஹோவர்டுல 22 பேர் பிரிஞ்சு போனது சரியா? சொராரிட்டி ஆரம்பிச்ச பெண்கள் பத்தி பேசலாம் வாங்க

நிலாமுற்றம்

2020 ஆகஸ்ட்ல கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி வேட்பாளரா பேசினப்போ சித்தின்னு ஒரு வார்த்தை சொன்னாங்கல்ல, அதை நாம எல்லாரும் எவ்வளவு நாள் ஷேர் பண்ணிட்டு இருந்தோம், அவங்க தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல போஸ்டர் வரைக்கும் போச்சு. ஆனா அதே பேச்சுல அந்த வரிக்குப் பக்கத்துலயே இன்னொரு குடும்பத்தையும் சொன்னாங்க, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபான்னு. அதை நம்ம பக்கம் யாருமே கண்டுக்கல. அதான் இந்த இழை.

தெரியாதவங்களுக்கு, இது ஒரு சொராரிட்டி. காலேஜ்ல படிக்கிற பெண்கள் சேர்ந்து வெச்சுக்கிற சங்கம், பேரு கிரேக்க எழுத்துல இருக்கும். வாஷிங்டன்ல இருக்கிற ஹோவர்டு யூனிவர்சிட்டியில 1908 ஜனவரி 15ல ஆரம்பிச்சது, கறுப்பினப் பெண்கள் ஆரம்பிச்ச முதல் கிரேக்க எழுத்து சொராரிட்டி. ஹோவர்டே 1867ல, அதாவது அடிமை முறை ஒழிஞ்சு ரெண்டே வருஷத்துல வந்த காலேஜ். அப்போ இந்தப் பொண்ணுங்களோட தாத்தா பாட்டி, சில பேருக்கு அம்மா அப்பாவே கூட, அடிமையா பொறந்தவங்களா இருந்திருப்பாங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

எதெல் ஹெட்ஜ்மன்னு ஒரு பொண்ணு, செயின்ட் லூயிஸ்காரங்க. இவங்களுக்குத்தான் முதல்ல யோசனை வந்துச்சு. பிரவுன் யூனிவர்சிட்டியில படிச்ச எதெல் ராபின்சன்னு ஒரு ஆசிரியை ஹோவர்டுல இருந்தாங்க, அவங்க பிரவுன்ல பெண்கள் சங்கம் எப்படி நடக்குதுன்னு சொல்லச் சொல்ல இவங்களுக்கு நாமளும் ஏன் வெச்சுக்கக் கூடாதுன்னு தோணிருக்கு. அந்த நேரம் பசங்களுக்கு ஆல்ஃபா ஃபை ஆல்ஃபான்னு ஒண்ணு 1906ல கார்னெல்ல ஆரம்பிச்சு 1907 டிசம்பர்ல ஹோவர்டுக்கும் வந்துட்டது, எதெல் பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜார்ஜ் லைல் அதுல ஆரம்ப உறுப்பினர். பொண்ணுங்களுக்கு மட்டும் எதுவும் இல்ல.

மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தாங்க. எதெல் ஹெட்ஜ்மன், அன்னா ஈஸ்டர் பிரவுன், பியூலா பர்க், அவங்க கூடப் பொறந்த லில்லி பர்க், மார்ஜரி ஹில், மார்கரெட் ஃப்ளாக், லவீனியா நார்மன், லூசி டிக்ஸ் ஸ்லோ, மரி வூல்ஃபோக். இதுக்கப்புறம் கீழ் வகுப்புல இருந்து ஏழு பேரைச் சேர்த்துக்கிட்டாங்க. இவங்க சீனியர், படிப்பு முடிச்சுப் போயிட்டா சங்கம் அதோட முடிஞ்சிடும்ல, அதுக்காகத்தான் அந்த ஏழு பேர். சடங்கு எதுவும் வைக்காமலே சேர்த்துக்கிட்டாங்க, அவங்களையும் ஸ்தாபகர்கள் கணக்குலதான் வெச்சிருக்காங்க.

ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல. அஞ்சு வருஷத்துல இதே சங்கத்துல இருந்து 22 பேர் வெளிய போய் டெல்டா சிக்மா தீட்டான்னு இன்னொண்ணு ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் ரெண்டு பக்கமும் அதைப் பத்தி பேச்சு ஓயல. நீங்க என்ன நினைக்கிறீங்க?

கரிசல்காடு

நான் ஹாலிவுட் படத்துல பாத்த சொராரிட்டி பெரிய பங்களா, பார்ட்டி, புதுசா வர்ற பொண்ணை அழ வைக்கிறது, அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னு புரியல அக்கா. கொஞ்சம் விளக்குங்க.

பழையபேப்பர்

சகோ, படத்துல வர்றது பெரும்பாலும் வெள்ளைக்காரப் பொண்ணுங்க சொராரிட்டி, அதுவும் ஒரு பக்கம் மட்டும்தான். இது வேற கதை. இவங்களுக்கு அப்ப தனி வீடு எல்லாம் கிடையாது, மைனர் ஹால்னு ஒரு பெண்கள் ஹாஸ்டல்லதான் கூடினாங்க. முக்கியமான வித்தியாசம், படிப்பு முடிஞ்சதும் விலகிப் போற பழக்கம் இதுல கிடையாது, சாகற வரைக்கும் உறுப்பினர். வேலைக்குப் போன ஊர்ல எல்லாம் கிளை வெச்சு, சந்தா கட்டி, ஸ்காலர்ஷிப் கொடுத்து, தேர்தல் வேலை பாத்துன்னு ஆயுசு பூரா ஓடும்.

சரி, 1912க்கு வரேன், நிலாமுற்றம் கேட்டதுக்கு.

1912ல ஹோவர்டுல படிச்சுட்டு இருந்த ஏ.கே.ஏ. (ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா) பொண்ணுங்களுக்கு சங்கம் பத்தலைன்னு ஒரு எண்ணம் வந்துடுச்சு. பேரே பசங்க சங்கத்துப் பேரை ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு, வேற காலேஜ்ல கிளை வைக்க ஏற்பாடு இல்ல, நாட்டுல நடக்குற விஷயத்துல நாம எதுவும் செய்யல, இந்த மாதிரி. மைரா டேவிஸ் தலைவியா வந்தாங்க, மாட்ரி பென்னு நெப்ராஸ்கா ஒமாஹால இருந்து வந்த ஒரு துடிப்பான பொண்ணு கூட நின்னாங்க. பேரு, கலர், குறிக்கோள் எல்லாத்தையும் மாத்தணும்னு ஓட்டுப் போட்டு முடிவு எடுத்துட்டாங்க.

இது அந்த வருஷம்தான் படிப்பு முடிச்சிருந்த நெல்லி குவாண்டர் காதுக்குப் போச்சு. இவங்க முந்தின தலைவி. மத்த பொண்ணுங்க மாதிரி இருபது வயசு இல்ல, 1880ல பொறந்தவங்க, வாஷிங்டன் ஸ்கூல்ல டீச்சர். குவாண்டர் குடும்பம்னா அந்த ஊர்ல பழைய குடும்பம், ஜார்ஜ் வாஷிங்டனோட மவுன்ட் வெர்னன் தோட்டத்துல அடிமையா இருந்தவங்க வழி. அவங்க வந்து இதெல்லாம் கூடாது, இன்ன நாளுக்குள்ள முடிவை மாத்திக்கங்கன்னு கெடு வெச்சாங்க. 22 பேரும் முடியாதுன்னுட்டாங்க. 1913 ஜனவரி 13ல டெல்டா சிக்மா தீட்டா பொறந்துச்சு. நெல்லி குவாண்டர் சும்மா இருக்கல, ஜனவரி 29ல ஏ.கே.ஏ.வை சட்டப்படி பதிவு பண்ணிட்டாங்க. நடுவுல இருந்தது பதினாறே நாள். பதிவுக்குக் கூட நின்னவங்கள்ல புதுசா வந்த நாலு பேரையும் சேர்த்துதான் ஏ.கே.ஏ. ஸ்தாபகர்கள் மொத்தம் 20ன்னு சொல்றாங்க.

என் கருத்து, பிரிஞ்சது தப்பே இல்ல. படிக்கிற பொண்ணுங்க சங்கம் அது, அந்த நேரம் படிக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவை படிச்சு முடிச்சுப் போனவங்க எதுக்கு தடுக்கணும்?

மழைக்குருவி

மன்னிக்கணும் அண்ணா, ஒத்துக்கவே மாட்டேன். ஒன்பது பேர் ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து ஒண்ணொண்ணா யோசிச்சு, சட்டதிட்டம் எழுதி, ரோஸும் பச்சையும் கலர் தேர்ந்தெடுத்து, யூனிவர்சிட்டி அனுமதி வாங்கி, ஐவி கொடி நட்டு உருவாக்கினது. அவங்க எல்லாம் அப்போ உயிரோட ஊர் ஊரா டீச்சரா வேலை பாத்துட்டு இருக்காங்க. ஆயுசுக்கும் உறுப்பினர்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் அவங்களை ஒரு வார்த்தை கேக்காம பேர்ல இருந்து எல்லாத்தையும் அழிக்கிறது எப்படி சரி ஆகும்? வேற மாதிரி வேணும்னா வெளிய போய் புதுசா ஆரம்பிக்கலாம், கடைசில அதைத்தான் செஞ்சாங்க, அது நியாயம். அதுக்கு முன்னாடி உள்ள இருந்துக்கிட்டே பழசை இல்லாம ஆக்கப் பாத்தாங்களே, அதைத்தான் நெல்லி தடுத்தாங்க. அவங்க தடுக்காம இருந்திருந்தா 1908ல நடந்தது எதுவும் இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சிருக்காது.

சட்டப்புள்ளி

சட்டக் கண்ணுல ஒண்ணே ஒண்ணு. 1912ல அது பதிவு ஆகாத சங்கம், ஒரு காலேஜ்ல மட்டும் இருந்துச்சு. பதிவு இல்லாத இடத்துல இருக்கிற உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டா அதைத் தடுக்க வெளியில இருக்கிறவங்களுக்கு பெருசா பிடி கிடையாது. நெல்லி குவாண்டருக்கு இது நல்லா புரிஞ்சிருக்கு, அதனாலதான் பேச்சுவார்த்தையோட நிக்காம போய் பதிவு பண்ணாங்க. இனிமே எந்த பேட்ச் வந்தாலும் ஓட்டுப் போட்டு கலைக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்கள்ல பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்துல தனக்குன்னு ஒரு நிறுவனத்தை சட்டப்படி நிரந்தரமாக்கணும்னு யோசிச்சது பெரிய விஷயம். இதுல யார் ஜெயிச்சாங்கன்னு பாக்கறதை விட இந்த ஒரு சண்டையால ரெண்டு சங்கம் உறுதியா நின்னுச்சுன்னு பாக்கலாம்.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் நன்றி. இப்ப நான் சொல்ல நினைச்சதைச் சொல்லிடறேன்.

இந்தப் பிரிவு கதை எப்படி சொல்லப்படுதுன்னா, ஏ.கே.ஏ. பொண்ணுங்க டீ பார்ட்டியும் கவிதை வாசிப்புமா இருந்தாங்க, டெல்டா பொண்ணுங்களுக்கு அரசியல் வேணும்னு வெளிய வந்தாங்கன்னு. அதுக்கு ஆதாரமா சொல்றது 1913 மார்ச் 3. உட்ரோ வில்சன் ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிறதுக்கு முந்தின நாள், வாஷிங்டன்ல பெண்கள் ஓட்டுரிமை கேட்டு பெரிய ஊர்வலம், அய்யாயிரம் பேருக்கு மேல. டெல்டா ஆரம்பிச்சு இன்னும் ரெண்டு மாசம் கூட ஆகல, அவங்க முதல் பொது வேலையே அந்த ஊர்வலத்துல நடந்ததுதான். கூட மேரி சர்ச் டெரல் நடந்தாங்க. கறுப்பினப் பெண்கள் தேசிய சங்கத்தோட முதல் தலைவி அவங்க, 1896லயே. அவ்வளவு பெரிய ஆள் இருபது வயசுப் பிள்ளைங்க கூட நடக்க வந்தாங்க, எனக்கு இதை எத்தனை தடவை படிச்சாலும் சிலிர்க்கும்.

அந்தக் கூட்டம் எப்படிப்பட்டதுன்னும் தெரிஞ்சுக்கணும். பென்சில்வேனியா அவென்யூ ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க நெருக்கி, திட்டி, எச்சில் துப்பி, தள்ளிவிட்டு, போலீஸ் வேடிக்கை பாத்துட்டு நின்னுச்சு. நூறு பேர் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கடைசில குதிரைப்படை வந்து கூட்டத்தை விலக்குச்சு, அப்புறம் செனட்ல விசாரணையே நடந்துச்சு. வெள்ளைக்காரப் பெண்களுக்கே இந்தக் கதி. அதுல கறுப்பினப் பொண்ணுங்க அங்கியும் தொப்பியும் போட்டுக்கிட்டு நடக்கறதுன்னா எவ்வளவு நெஞ்சு உரம் வேணும்.

இதெல்லாம் உண்மை, டெல்டாவுக்கு அந்தப் பெருமை முழுசா சேரணும். ஆனா இங்கதான் நம்ம கதை திரும்புது. அந்த ஊர்வலம் நடத்தின ஆலிஸ் பாலுக்கு 1913 பிப்ரவரில லெட்டர் எழுதினது யாரு தெரியுமா? நெல்லி குவாண்டர்! ஏ.கே.ஏ. சார்பா. ஹோவர்டு பெண்கள் காலேஜ் பெண்கள் பிரிவுல நடக்க ஆசைப்படறாங்க, நிறத்தைக் காட்டி ஒதுக்கி வைக்கிறதா இருந்தா எங்களுக்கு வேண்டாம், நல்ல இடம் கிடைக்குமான்னு கேட்டு எழுதியிருக்காங்க. டீ பார்ட்டிக்காரங்க எழுதற லெட்டரா இது? பிரிவு நடந்து ஒரு மாசம்தான் ஆகியிருக்கு, ரெண்டு பக்கமும் புண்ணு ஆறியிருக்காது, ஆனா ரெண்டு பக்கமும் அதே தெருவுல நடக்கத்தான் ஆசைப்பட்டிருக்காங்க. அதனால அரசியல் வேணும்னவங்க ஒரு பக்கம், வேண்டாம்னவங்க ஒரு பக்கம்னு இந்தச் சண்டையை சொல்றதே பொய். சண்டை எப்படி செய்யறது, யாரு முடிவு பண்றதுன்னு. அந்த நெல்லி அம்மாவை பழமைவாதின்னு ஒதுக்கறவங்க அந்த லெட்டரை ஒரு தடவை படிக்கணும்.

ஏழாம்நம்பர்பஸ்

கறுப்பினப் பெண்கள் எல்லாரும் ஊர்வலத்துல கடைசில நடக்கணும்னு சொன்னாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம். அது நிஜமா? ஹோவர்டு பொண்ணுங்க அப்ப எங்க நடந்தாங்க?

பழையபேப்பர்

அப்படி பேச்சு நடந்தது நிஜம். தெற்கு மாநில வெள்ளைக்காரப் பெண்கள் கறுப்பினப் பெண்கள் வந்தா நாங்க வரமாட்டோம்னு சொல்ல, ஆலிஸ் பால் அதுக்குப் பயந்து இவங்க வர்றதைப் பத்தி பேச்சே எடுக்காம அமுக்கப் பாத்தாங்க. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இல்லினாய் மாநிலக் குழுவோட சிகாகோவுல இருந்து வந்திருந்தாங்க. அவங்களைப் பின்னாடி போங்கன்னு சொன்னதும் கூட்டத்துக்குள்ள காணாமப் போயிட்டு, ஊர்வலம் நகர ஆரம்பிச்சதும் நடுவுல வந்து தன்னோட மாநிலக் குழுவுல சேர்ந்து நடந்தாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு வெள்ளைக்காரத் தோழிங்க. ஹோவர்டு மாணவிகள் காலேஜ் பட்ட உடையில நடந்ததை கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் ஆசிரியரா இருந்த பத்திரிகையிலயே அப்ப எழுதியிருக்காங்க. எல்லாக் கறுப்பினப் பெண்களும் கடைசிலதான் போனாங்கன்னு இப்ப பொத்தாம்பொதுவா சொல்றது சரியில்ல, சில பேர் அவங்கவங்க மாநிலம், தொழில் பிரிவோடயே நடந்திருக்காங்க.

இன்னொண்ணு சொல்லணும். 1920ல ஓட்டுரிமை திருத்தம் வந்துச்சு, ஆனா இந்தப் பொண்ணுங்கள்ல யாராவது வாஷிங்டன்லயே தங்கியிருந்தா அவங்களுக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டுப் போட 1964 வரைக்கும் காத்திருக்கணும், அந்த ஊருக்கே ஓட்டு கிடையாது. தெற்க டீச்சரா போனவங்களுக்கு 1965 ஓட்டுரிமைச் சட்டம் வர்ற வரைக்கும் தேர்வு வெச்சும் வரி கேட்டும் மிரட்டியும் விரட்டினாங்க. 1913ல நடந்தவங்க ஐம்பது வருஷம் கழிச்சும் அதே உரிமைக்கு நின்னாங்க.

கரிசல்காடு

படிக்கப் படிக்க மரியாதை வருது, மறுக்கல. ஆனா ஒரு கேள்வி உறுத்துது, நேரா கேக்கறேன். 1908ல காலேஜ் போன கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருக்கப் போறாங்க, விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கொஞ்சப் பேர்லயும் மார்க் பாத்து, குடும்பம் பாத்து, நீ உள்ள நீ வெளியன்னு ஒரு சங்கம். வயல்ல பருத்தி பறிச்சவங்களுக்கும் வீட்டு வேலை செஞ்சவங்களுக்கும் இதுல என்ன? ஹோவர்டுலயே சமூகவியல் பேராசிரியரா இருந்த ஃப்ராங்ளின் ஃப்ரேஸியர் அம்பதுகள்ல இதே கேள்வியைத்தான் கேட்டார், கறுப்பின நடுத்தர வர்க்கம் இந்த மாதிரி சங்கம், நடனம், அந்தஸ்துன்னு மூழ்கிக் கிடக்குன்னு கடுமையா எழுதினார். வெளுத்த தோலா இருந்தாதான் சேர்ப்பாங்கன்னு ஒரு குற்றச்சாட்டும் ரொம்ப காலமா உண்டு. ஸ்தாபகர்களைக் கும்பிடும்போது இதையும் பேசணும்.

மழைக்குருவி

பேசணும் தம்பி, நல்லா பேசணும். நிறத்தை வெச்சுப் பாத்தாங்கன்ற பேச்சு அந்தப் பெண்களே சொல்லி வருத்தப்பட்டது, அதை மூடி மறைக்கறதுல அர்த்தமில்ல. ஆனா வயல்ல பருத்தி பறிச்சவங்களுக்கு என்னன்னு கேட்டீங்களே, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

1935. மிசிசிப்பி டெல்டா பகுதி, ஹோம்ஸ் கவுன்டி. குத்தகைக்குப் பயிர் வைக்கிற கறுப்பினக் குடும்பங்க, டாக்டரையே பாத்திருக்காத குழந்தைங்க. ஏ.கே.ஏ. தலைவியா இருந்த ஐடா ஜாக்சன் முதல்ல அங்க டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாங்க, போய்ப் பாத்தா பிள்ளைங்க நோயில கிடக்குது, இதுல பாடம் எங்க ஏறும்னு புரிஞ்சது. அடுத்து டாக்டர் டோரத்தி ஃபெரிபியை தலைமைக்கு வெச்சு உறுப்பினர்கள் தன் லீவுல தன் காசுல கார் ஓட்டிக்கிட்டு அங்க போனாங்க. கார்லதான் போகணும், ரயில்ல கறுப்பினத்தவங்களுக்கு ஒழுங்கா இடம் கிடையாது. போன இடத்துல தோட்ட முதலாளிங்க எங்க ஆளுங்களை கிளினிக்குக்கு அனுப்ப மாட்டோம், வடக்க இருந்து வந்து என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்களோன்னு சந்தேகப்பட்டாங்க. சரி அவங்க வர வேண்டாம், நாங்க வரோம்னு அந்தக் கார்களையே கிளினிக் ஆக்கி, ஒவ்வொரு தோட்டமா போய் அம்மை, டிப்தீரியா தடுப்பூசி போட்டாங்க. 1942 வரைக்கும் கோடை கோடையா நடந்துச்சு, போர் வந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் ஆனதும்தான் நின்னுச்சு.

ஹாஸ்டல் ரூம்ல ஒன்பது பேர் சங்கம் வெச்சதுல இருந்து இருபத்தேழு வருஷத்துல இது. அந்தச் சங்கம் இல்லன்னா கலிஃபோர்னியால இருக்கிற ஒரு டீச்சரும் வாஷிங்டன்ல இருக்கிற ஒரு டாக்டரும் எப்படி சேர்ந்து மிசிசிப்பிக்குப் போயிருப்பாங்க?

பழையபேப்பர்

டெல்டா சங்கத்துப் பக்கமும் ஒண்ணு. ஜெஸ்ஸி மெக்குவைர் டென்ட்னு அந்த 22 பேர்ல ஒருத்தங்க, டெக்சாஸ் கால்வஸ்டன்காரங்க. படிச்சு முடிச்சு சொந்த ஊருக்கே திரும்பிப் போய் கறுப்பினப் பிள்ளைங்க ஸ்கூல்ல டீச்சரா இருந்தாங்க. அதே வேலைக்கு வெள்ளைக்கார டீச்சருக்கு ஒரு சம்பளம், இவங்களுக்குக் கம்மி. 1943ல பள்ளி நிர்வாகத்து மேல கேஸ் போட்டாங்க. கேஸ் போட்டா வேலை போயிடும்னு எல்லாருக்கும் தெரியும், அப்படிப் போன டீச்சர்கள் வேற ஊர்கள்ல இருந்தாங்க. ஜெயிச்சாங்க, சம சம்பளம் வந்துச்சு. அஞ்சு வருஷத்துல, 1948ல காலமாயிட்டாங்க. 1913ல ஊர்வலம் போன பொண்ணு முப்பது வருஷம் கழிச்சு கோர்ட்ல நிக்கறாங்க பாருங்க, எனக்கு ஊர்வலத்தை விட இதுதான் பெருசு.

அதே 22 பேர்ல ஒஸ்ஸியோலா மெக்கார்த்தி வேற வழி, நாடகத்துக்குப் போயிட்டாங்க, மேடைப் பேரு ஒஸ்ஸியோலா ஆர்ச்சர். நியூயார்க்ல கறுப்பின நாடகக் குழுவுல சொல்லிக் கொடுத்தாங்க, சிட்னி பாய்ட்டியே, ஹாரி பெலஃபான்டே எல்லாம் அங்க இருந்து வந்தவங்கதான்.

ஏழாம்நம்பர்பஸ்

நிலாமுற்றம் முதல் பதிவுல லூசி டிக்ஸ் ஸ்லோன்னு ஒரு பேரு வந்துச்சே, அவங்க டென்னிஸ் ஆடினவங்கதானே?

மழைக்குருவி

அவங்களேதான். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், நீளமா வரும், பொறுத்துக்கங்க.

சின்ன வயசுலயே அப்பா அம்மா போயிட்டாங்க, அத்தைதான் வளர்த்தாங்க, வர்ஜீனியாவுல இருந்து பால்டிமோருக்கு வந்து படிச்சு ஸ்காலர்ஷிப்புல ஹோவர்டு. 1908ல வகுப்புல முதல் ஆளா பாஸ் பண்ணாங்க. சங்கத்தோட சட்டதிட்டம் எழுதினவங்கள்ல ஒருத்தங்க. அப்புறம் கொலம்பியால எம்.ஏ. 1917ல பால்டிமோர்ல கறுப்பினத்தவங்களுக்கான அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் முதல் தேசியப் போட்டி நடந்துச்சு, பெண்கள் ஒற்றையர் பட்டம் இவங்களுக்கு. அமெரிக்காவுல பெரிய விளையாட்டுப் பட்டம் ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண்ணுன்னு இவங்களைத்தான் சொல்வாங்க.

1922ல ஹோவர்டே கூப்பிட்டு பெண்கள் டீனா வெச்சுச்சு, அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். இங்கதான் அவங்க யாருன்னு தெரியும். அந்தக் காலத்துல பெண்கள் டீன்னா ஹாஸ்டல் வார்டன் மாதிரி, எத்தனை மணிக்கு உள்ள வந்தா, யாரு கூடப் பேசினான்னு பாக்கறதுதான் வேலைன்னு எல்லாரும் நினைச்சாங்க. இவங்க அதை ஒத்துக்கவே இல்ல. நான் படிச்சவ, கல்வியாளர், பெண்களுக்கு டீச்சர் வேலையைத் தவிர வேற என்னென்ன வழி இருக்குன்னு காட்டறதும் அவங்களைத் தன் காலில் நிக்க வைக்கிறதும்தான் என் வேலைன்னு நின்னாங்க. பெண்களுக்குப் புது ஹாஸ்டல் கட்டடங்கள் 1931ல வந்ததுக்கு இவங்க வருஷக் கணக்கா விடாம கேட்டதுதான் காரணம்.

1926ல மார்டகாய் ஜான்சன் பிரெசிடென்ட்டா வந்தார், ஹோவர்டுக்கு முதல் கறுப்பின பிரெசிடென்ட். அவரோட இவங்களுக்கு ஒத்தே போகல. 1927ல ஒரு பேராசிரியர் வகுப்புல பெண்கள் முன்னாடி கேவலமா பேசறார்னு புகார் வந்துச்சு, இவங்க மாணவிகள் பக்கம் உறுதியா நின்னாங்க. அதுக்கப்புறம் மத்த ஆண் டீன்களுக்கு ஏறின அளவுக்கு இவங்களுக்கு சம்பளம் ஏறல. நகரத்துல தன் வீட்டுல, நாடகாசிரியை மேரி பரில் கூட ஒண்ணா வாழ்ந்துட்டு இருந்தாங்க, அதை விட்டுட்டு கேம்பஸ்ல வந்து தங்குன்னு நிர்வாகம் நெருக்குச்சு, ஆண் டீன்களுக்கு அந்த விதி கிடையாது. முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 1937ல உடம்பு முடியாம சாகற வரைக்கும் அந்த இழுபறி ஓயல.

வெளிய இருந்து வந்த எதிர்ப்பை எல்லாரும் எழுதறாங்க. சொந்த இடத்துல, சொந்த ஆளுங்க கிட்ட, ஒரு பெண்ணா இருக்கறதுக்காக இவங்க தினம் தினம் போட்ட சண்டையை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. ஸ்தாபகர்னு படம் மாட்டி மாலை போடறதோட நிக்கக் கூடாது, ஸ்லோ எதுக்கு சண்டை போட்டாங்கன்னும் சேர்த்து சொல்லணும்.

சட்டப்புள்ளி

வகுப்புல கேவலமா பேசற பேராசிரியர் மேல புகார், புகாருக்கு நின்னவங்களுக்கு சம்பளம் ஏறாது. 1927ல. ரத்தம் கொதிக்குது.

நிலாமுற்றம்

கரிசல்காடு கேட்ட மேல்தட்டு கேள்விக்கு இன்னொரு பதில் சிக்மா காமா ரோ. 1922 நவம்பர்ல இண்டியானாபொலிஸ்ல ஏழு ஸ்கூல் டீச்சருங்க ஆரம்பிச்சது. இண்டியானால அப்போ கூ க்ளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் வேகமா வளர்ந்துட்டு இருந்த நேரம், ரெண்டு மூணு வருஷத்துல மாநில அரசியலையே கையில எடுத்துக்கிட்டாங்க. அந்த ஊர்ல கறுப்பின டீச்சருங்க ஏழு பேர் தனிச் சங்கம் வெச்சாங்க. நடுவுல 1920ல ஹோவர்டுல அஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச ஸீட்டா ஃபை பீட்டாவும் இருக்கு, அந்தஸ்து பாக்கற பழக்கம் வேண்டாம்னு சொல்லித்தான் அவங்க வந்தாங்க. ஆக கரிசல்காடு கேக்கற கேள்வியை அங்க இருந்த பெண்களே நூறு வருஷம் முன்னாடி கேட்டுட்டாங்க, கேட்டு அதுக்கு பதிலா ஒரு சங்கமே வெச்சுட்டாங்க.

வெள்ளைக்காரப் பெண்கள் பக்கமும் இதே மாதிரி தொடக்கம்தான். 1870ல இண்டியானால பெட்டி லாக்னு ஒரு மாணவி. பொண்ணுங்களை அந்தக் காலேஜ்ல சேர்க்க ஆரம்பிச்சே மூணு வருஷம்தான். பசங்க சங்கம் ஒண்ணு எங்க பேட்ஜை வேணா நீ குத்திக்கோ, உறுப்பினரா எல்லாம் சேர்க்க முடியாதுன்னுச்சு. உன் பேட்ஜ் எனக்கு எதுக்குன்னு கூட மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு கப்பா ஆல்ஃபா தீட்டா ஆரம்பிச்சாங்க. ஆனா அந்த வெள்ளைக்கார சங்கங்கள் பின்னாடி ரொம்ப காலத்துக்கு கறுப்பினப் பெண்களை உள்ளயே விடல, அதையும் சொல்லிடணும்.

ஏழாம்நம்பர்பஸ்

கமலா ஹாரிஸ் எப்ப சேர்ந்தாங்க? அந்த 19.08 டாலர் விஷயம் என்ன, அப்ப ட்விட்டர்ல பாத்தேன்.

நிலாமுற்றம்

1986ல, ஹோவர்டுலயே, அந்த ஒன்பது பேர் ஆரம்பிச்ச அதே முதல் கிளையில. அவங்க அம்மா ஷ்யாமளா கோபாலன் 1958ல பத்தொன்பது வயசுல தனியா பெர்க்லிக்குப் படிக்கப் போனவங்க. தமிழ்க் குடும்பத்துல பொறந்த அந்த அம்மா பிள்ளைங்களை கறுப்பினப் பெண்களாவே வளர்த்தாங்க, அதனால மக ஹோவர்டுக்குப் போனது ஆச்சரியம் இல்ல. 2020ல வேட்பாளரா அறிவிச்சதும் ஏ.கே.ஏ. பெண்கள் நாடு பூரா 19.08 டாலர்னு நன்கொடை அனுப்பினாங்க, ஆரம்பிச்ச வருஷம் 1908ல்ல அதான். கழுத்துல முத்து மாலை போடறதும் அதுதான், அவங்க பேட்ஜ்ல 20 ஸ்தாபகர்களுக்கு 20 முத்து.

கரிசல்காடு

சரி, ஸ்தாபகர்கள் விஷயத்துல நான் ஜகா வாங்கிக்கிறேன். அந்த 1935 மிசிசிப்பி கதை எனக்குப் புதுசு, தேடிப் படிக்கப் போறேன். ஆனா சேர்க்கும்போது நடக்கற கொடுமை? அதுவும் இதே சங்கங்கள்ல நடந்ததுதானே? ஸ்லோ மாதிரி ஆள் ஆரம்பிச்ச இடத்துல புதுப் பொண்ணுங்களை அடிக்கறதும் அலைக்கழிக்கறதும் எப்படி வந்துச்சு?

பழையபேப்பர்

வந்துச்சு, மறைக்கறதுக்கு இல்ல. 1990ல கறுப்பின சங்கங்களோட கூட்டமைப்பு, அப்ப அதுல எட்டு சங்கம், சேர்க்கறதுக்கு முன்னாடி சோதனை வைக்கிற பழைய பிளெட்ஜ் முறையையே நிறுத்திடுச்சு, நேர்காணல் வெச்சு சேர்க்கற முறை கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறமும் ரகசியமா நடந்து கோர்ட் வரைக்கும் போன கேஸ் இருக்கு. 1908ல அந்த ஏழு பேரை எந்த சடங்கும் இல்லாம, வாங்கன்னு சொல்லி சேர்த்துக்கிட்டாங்கன்னு நிலாமுற்றம் மேல எழுதியிருக்காங்க பாருங்க. அடிச்சுதான் சகோதரின்னு ஆகணும்னா அந்த ஏழு பேரும் ஸ்தாபகர்களே இல்ல. இதை யாராவது அந்தப் பொண்ணுங்க கிட்ட சொல்லணும்.

மழைக்குருவி

1981ல பெர்தா பிட்ஸ் கேம்ப்பெல்னு டெல்டா ஸ்தாபகர் ஒருத்தங்க, 92 வயசு, பத்தாயிரம் டெல்டா பெண்களுக்கு முன்னாடி அதே பென்சில்வேனியா அவென்யூவுல நடந்தாங்க. கொலராடோவுல பள்ளியில ஒரே கறுப்பினப் பொண்ணா படிச்சு முதல் மார்க் வாங்கினவங்க, அப்புறம் சியாட்டில்ல போய் வீடு, வேலை, ஹோட்டல்னு எல்லாத்துலயும் நிறம் பாக்கறதுக்கு எதிரா வேலை செஞ்சாங்க. நூறு வயசு வரைக்கும் இருந்தாங்க. அவங்களைப் பத்தி தனியா ஒரு இழை போடலாம்னு இருக்கேன், சியாட்டில்ல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது அங்க லைப்ரரில பாத்து பழைய பேட்டி எதாவது கிடைச்சா சொல்லுங்க.